பழைய கைப்பேசியில் ஜிப் கோப்பை வேகமாகப் பிரிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பட்டர்வொர்த்தில் எங்கள் தமிழ்ப்பள்ளியின் விளையாட்டுப் போட்டி முடிந்த மறுநாள். படம் எடுத்த தம்பி 2,300 படங்களையும் ஒரே ஜிப்பாகக் கட்டிப் புலனத்தில் (வாட்ஸ்அப்) போட்டுவிட்டார். 1.8 ஜிபி. பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர் அக்காவின் கைப்பேசி ஆறு வருடத்துப் பழசு. 2 ஜிபி ரேம், 32 ஜிபி சேமிப்பு, கூட ஒரு மெமரி கார்டு. மதியம் மாமாக் கடையில் உட்கார்ந்திருந்தபோது போனை என் பக்கம் தள்ளினார்.

"தம்பி, காலையில பிரிக்கப் போட்டேன். இன்னும் ஓடுது. போன் தோசைக்கல் மாதிரி சுடுது."

போன் பழசு, ப்ராசஸர் போதவில்லை, புதுசு வாங்க வேண்டியதுதான் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். நான் பிரிப்பதை நிறுத்திவிட்டு, அதே ஜிப்பைச் சோதனை மட்டும் செய்து பார்த்தேன். 3 நிமிடத்தில் முடிந்தது. அதாவது அந்தப் பழைய ப்ராசஸர் மொத்த ஜிப்பையும் 3 நிமிடத்தில் விரித்துவிட்டது. மீதி நேரமெல்லாம் போனது விரித்ததை எழுதி வைப்பதில்.

மலிவான கைப்பேசிகளில் பெரும்பாலும் இதுதான் கதை. அதனால் எதையும் மாற்றுவதற்கு முன் எங்கே அடைக்கிறது என்று பாருங்கள்.

படி 1: எங்கே அடைக்கிறது?

ஒரு ஜிப்பைப் பிரிக்கும்போது மூன்று வேலை நடக்கிறது. சேமிப்பிலிருந்து படிப்பது, அமுக்கியதை விரிப்பது, விரித்ததைத் திரும்பச் சேமிப்பில் எழுதுவது. படிப்பதும் எழுதுவதும் சேமிப்புச் சில்லின் வேலை. விரிப்பது மட்டும்தான் ப்ராசஸரின் வேலை.

சோதனை என்ற கட்டளை முதல் இரண்டையும் செய்துவிட்டு மூன்றாவதைச் செய்யாது. ஒவ்வொரு கோப்பையும் விரித்து, கோப்பு கெடவில்லை என்பதைக் காட்டும் சரிபார்ப்புக் கூட்டுத்தொகை சரியா என்று பார்த்து, அப்படியே விட்டுவிடும். ஆண்ட்ராய்டுக்கான ரார் செயலியில் இந்தக் கட்டளை உண்டு. ரார் கோப்புக்கு மட்டுமல்ல, ஜிப்புக்கும் வேலை செய்யும்.

முதலில் சோதனையை ஓட்டி நேரம் பாருங்கள். அப்புறம் அதே கோப்பை உண்மையாகப் பிரித்து நேரம் பாருங்கள்.

சோதனை சட்டென்று முடிந்து, பிரிப்பது இழுத்தால் சிக்கல் எழுதுவதில். படி 2, 3, 4 உங்களுக்கு. சோதனையே இழுத்தால் சிக்கல் ப்ராசஸரிலோ, சூட்டிலோ, அனுப்பியவர் தேர்ந்தெடுத்த வடிவத்திலோ. படி 5, 6, 7 பக்கம் போங்கள். சோதனையே பிழை காட்டினால் கோப்பு பாதியில் இறங்கியிருக்கிறது, அல்லது கெட்டிருக்கிறது. மறுபடி இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

படி 2: எழுதும் இடத்தை மாற்றுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

அக்காவின் போனில் ஜிப் மெமரி கார்டில் இருந்தது. பிரித்துப் போட்ட இடமும் அதே கார்டு. ஒற்றையடிப் பாதையில் போகிற வண்டியும் வருகிற வண்டியும் முட்டிக்கொள்வது போல, அந்தக் கார்டு கொஞ்சம் படித்து, நிறுத்தி, கொஞ்சம் எழுதி, மறுபடி படித்துக்கொண்டிருந்தது. ஜிப் கார்டிலேயே இருக்கட்டும், பிரித்துப் போடும் இடத்தை உள் சேமிப்புக்கு மாற்றுங்கள் என்றேன். அந்த ஒரு மாற்றத்துக்கே வேகம் கண்ணுக்குத் தெரிந்தது.

கார்டு ஏன் இவ்வளவு இழுக்கிறது? எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் பல வருடம் பாயான் லெப்பாஸில் சில்லுத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்த்தவர். பினாங்கில் அப்படி வீட்டுக்கு ஒருவர் இருப்பார். இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை இங்கே தொடங்கியது 1972இல். ஃபிளாஷ் நினைவகத்தை அவர் விளக்கியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "எழுதுறது பக்கம் பக்கமா. அழிக்கிறது மட்டும் புத்தகம் புத்தகமா." ஒரு சின்னக் கோப்பை எழுத ஒரு பக்கம் போதும். ஆனால் காலிப் பக்கம் கைவசம் இல்லையென்றால், பழைய தொகுதி ஒன்றில் உருப்படியானதை எல்லாம் வேறு இடத்துக்குப் பெயர்த்துவிட்டு, மொத்தத் தொகுதியையும் அழித்துவிட்டுத்தான் எழுத முடியும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது.

ஒன்று, ஒரு பெரிய வீடியோவை எழுதுவது சுலபம். அதே அளவுக்கு ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை எழுதுவது கடினம். ஒவ்வொரு கோப்புக்கும் பெயர், தேதி, எங்கே இருக்கிறது என்ற குறிப்பு எல்லாவற்றையும் தனித்தனியாகப் பதிய வேண்டும்.

இரண்டு, சேமிப்பு நிரம்பி வழியும் போன் எதை எழுதினாலும் தவிக்கும். 1.8 ஜிபி படத் தொகுப்பைப் பிரிக்க ஜிப்புக்கு ஒரு 1.8, பிரித்த படங்களுக்கு இன்னொரு 1.8, அதற்கு மேல் மூச்சுவிட 2 ஜிபியாவது வேண்டும் என்பது என் கணக்கு. இடம் இல்லையென்றால் முதலில் பழைய வீடியோக்களைக் கழித்துவிட்டு வாருங்கள்.

மெமரி கார்டில்தான் போட்டாக வேண்டும் என்றால் கார்டின் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். வட்டத்துக்குள் 10 என்று இருந்தால், தொடர்ச்சியாக எழுதும்போது நொடிக்கு 10 எம்பி உத்தரவாதம். பெரிய வீடியோவுக்கு அது சரி, சின்னக் கோப்புகளைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அதற்கு ஏ1 என்ற குறியைப் பாருங்கள். நொடிக்கு 1,500 சிதறிய படிப்பு, 500 சிதறிய எழுத்து தாங்கும் என்று பொருள். ஏ2 என்றால் 4,000, 2,000. ஆனால் ஏ2 கார்டின் முழுப் பலனும் கிடைக்க கைப்பேசியும் அதற்குத் தோதாக இருக்க வேண்டும். பழைய போனுக்கு நல்ல ஏ1 கார்டே போதும். இரவுச் சந்தையில் பாதி விலைக்குக் கிடைக்கும் கார்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, நானே இரண்டு முறை ஏமாந்தவன்.

அனுமதியைச் சரிபார்ப்பதற்கு ஆண்ட்ராய்டே ஒரு நடு ஆளையும் வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டு 11 முதல் டவுன்லோடு போன்ற பொதுக் கோப்புறைகளுக்குப் போகிற ஒவ்வொரு கோரிக்கையும் ஃபியூஸ் என்ற அடுக்கு வழியாகவே போகும். எந்தச் செயலி எதைத் தொடலாம் என்று அது பார்க்கும். ஒரு பெரிய கோப்புக்கு இது பெரிய பாரம் இல்லை. 2,300 கோப்பு என்றால் 2,300 முறை வாசலில் நிறுத்தி விசாரித்து அனுப்புவது போல. மெமரி கார்டுக்கு எழுதும்போது பல செயலிகள் இன்னும் சுற்றுவழியான அனுமதி முறையில்தான் போக வேண்டியிருக்கிறது. அது இதைவிட மெதுவு.

இன்னொரு ஆளும் குறுக்கே வருவார்: கேலரி. படம் ஒவ்வொன்றாக வந்து விழ விழ, ஆண்ட்ராய்டு அதை ஊடகப் பட்டியலில் சேர்க்க ஓடும். கேலரி செயலி சின்னப் படம் தயாரிக்கத் தொடங்கும். நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் அதே சேமிப்பிலிருந்து அவர்களும் படிப்பார்கள். இதை நிறுத்த, பிரித்துப் போடப்போகும் கோப்புறையை முதலில் உருவாக்கி, அதற்குள் நோமீடியா என்று பெயரிட்ட வெற்றுக் கோப்பு ஒன்றை வையுங்கள். பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்தில், முன்னால் ஒரு புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் எழுத வேண்டும். பிரித்து முடித்த பிறகு அந்தக் கோப்பை அழித்துவிட்டால் படங்கள் கேலரியில் வந்துவிடும். இரவில் சார்ஜில் போட்டுவிட்டு அழித்தால் காலைக்குள் எல்லாம் அடுக்கியிருக்கும்.

படி 3: எல்லாவற்றையும் பிரிக்கத்தான் வேண்டுமா?

அக்காவிடம் கேட்டேன், 2,300 படமும் எதற்கு? "எதுக்குத் தம்பி, பரிசு வாங்குற படம் பதினஞ்சு இருபது கிடைச்சா போதும், ஆண்டறிக்கைக்கு."

ஜிப் கோப்பின் கடைசியில் ஒரு பொருளடக்கம் இருக்கிறது. எந்தக் கோப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதெல்லாம் அதில் உண்டு. அதனால்தான் 1.8 ஜிபி ஜிப்பைத் திறந்தாலும் பட்டியல் உடனே வந்துவிடுகிறது. ஜிப்புக்குள் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாக அமுக்கப்பட்டிருப்பதால், வேண்டியதை மட்டும் தொட்டு எடுக்கலாம், மற்றதைப் பிரிக்கவே வேண்டாம். இசட்ஆர்க்கைவர் போன்ற செயலியில் ஜிப்பைத் திறந்து, வேண்டிய படங்களைத் தேர்ந்து, பிரி என்று கொடுத்தால் ஆயிற்று. இருபது படம், சில நொடி.

அந்தப் பொருளடக்கம் கடைசியில் இருப்பதால் ஒரு தொல்லையும் உண்டு. 99 விழுக்காடு இறங்கிய ஜிப்பைச் செயலிகள் திறக்க மறுப்பதற்கு அதுதான் காரணம்.

செவன்-ஜிப், ரார் கோப்புகளில் இந்தச் சௌகரியம் எப்போதும் கிடைக்காது. சாலிட் என்ற முறையில் கட்டியிருந்தால் எல்லாக் கோப்புகளும் ஒரே நீளச் சங்கிலி. கடைசிப் படம் வேண்டுமென்றால் முன்னால் இருப்பதை எல்லாம் விரித்துக்கொண்டே போக வேண்டும். அப்படிப்பட்ட கோப்பில் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எடுப்பது வீண் வேலை. ஒரே தடவையில் தேர்ந்து எடுங்கள், அல்லது மொத்தமாகப் பிரித்துவிடுங்கள்.

படி 4: புலனத்திலிருந்து நேராகத் திறக்காதீர்கள்

அரட்டையில் வந்த ஜிப்பைத் தொட்டு, வரும் பட்டியலில் ஒரு செயலியைத் தேர்ந்தெடுத்துத் திறப்பதுதான் எல்லோர் வழக்கமும். அப்படித் திறக்கும்போது பல செயலிகள் முதலில் மொத்தக் கோப்பையும் தம் தற்காலிக இடத்துக்கு நகல் எடுத்துக்கொள்ளும். பிரிக்கத் தொடங்கும் முன்பே 1.8 ஜிபி ஒருமுறை படித்து, ஒருமுறை எழுதியாகிவிட்டது. அதற்குள் ஒரு தே தாரிக் ஆறிவிடும்.

அதற்குப் பதில், முதலில் பிரிக்கும் செயலியைத் திறந்து, அதற்குள்ளிருந்தே புலனத்தின் ஆவணக் கோப்புறைக்குப் போய் ஜிப்பைத் தொடுங்கள். ஆண்ட்ராய்டு என்ற கோப்புறைக்குள் மீடியா, அதற்குள் வாட்ஸ்அப் பெயரில் ஒரு கோப்புறை என்று போனால் ஆவணங்கள் கிடைக்கும். இடம் மாற்ற வேண்டுமென்றால் நகலெடுக்காமல் நகர்த்துங்கள். ஒரே சேமிப்புக்குள் நகர்த்துவது பெயர்மாற்றம் மாதிரி, கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். உள் சேமிப்பிலிருந்து கார்டுக்கு நகர்த்தினால் மட்டும் முழு நகல் நடக்கும்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐஓஎஸ் 13 முதல் ஃபைல்ஸ் செயலியே ஜிப்பைப் பிரித்துவிடும்.

படி 5: சூடும் தூக்கமும்

இது சோதனையே மெதுவாக ஓடியவர்களுக்கு.

சில்லு சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆப்பிள் தன் போன்களுக்குச் சுற்றுவெப்பம் 35 பாகைக்குள் இருக்கட்டும் என்கிறது. மதியம் ஒரு மணிக்குப் பினாங்கில் மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் மாட்டிய போன் என்ன பாகையில் இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பெரிய கோப்பைப் பிரிக்கும்போது உறையைக் கழற்றுங்கள், வெயில் படாத இடத்தில் வையுங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள். சார்ஜ் ஏறும் சூடும் பிரிக்கும் சூடும் ஒரே உடம்பில்தான் சேர்கின்றன. மின்விசிறிக் காற்று போதும். ஏர்கோன் துவாரத்துக்கு நேரே வைக்கலாம். குளிர்சாதனப் பெட்டிக்குள் மட்டும் வைக்காதீர்கள்: வெளியே எடுத்ததும் நம் ஊர் ஈரக்காற்று உள்ளே நீர்த்துளியாகப் படியும்.

அடுத்தது திரை. பிரிக்கப் போட்டுவிட்டு வேறு செயலிக்குப் போனாலோ திரையை அணைத்தாலோ, ஆண்ட்ராய்டு அந்த வேலையைப் பின்னணி வேலையாகக் கருதி, பெரும்பாலும் ப்ராசஸருக்குள் இருக்கும் வேகம் குறைந்த சிறிய கோர்களில் தள்ளிவிடும். சில போன்கள் பாதியில் நிறுத்தியும்விடும். பிரிக்கும் செயலியை முன்னால் வைத்து, திரை அணையும் நேரத்தை 10 நிமிடமாக்கி, வெளிச்சத்தைக் குறைத்து விட்டுவிடுங்கள். பேட்டரி சேமிப்பு முறை போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அது ப்ராசஸரின் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கும்.

ரேம் 2 ஜிபிதான் என்றால் மற்றச் செயலிகளை மூடுவதில் உண்மையாகவே பலன் உண்டு. ரேம் நிரம்பும்போது ஆண்ட்ராய்டு பயன்படாத பக்கங்களை ரேமுக்குள்ளேயே அமுக்கி வைக்கும். நீங்கள் ஒரு ஜிப்பை விரித்துக்கொண்டிருக்க, அதே ப்ராசஸர் இன்னொரு பக்கம் யூடியூபின் நினைவை அமுக்கிக்கொண்டிருக்கும். நல்ல வேடிக்கைதான்.

படி 6: அனுப்புகிறவரைப் பிடியுங்கள்

பெறுகிறவர் என்ன குட்டிக்கரணம் போட்டாலும், அனுப்புகிறவர் ஒரு நல்ல முடிவு எடுத்தால் கிடைக்கும் வேகத்துக்கு ஈடாகாது. குழுவில் கோப்பு கட்டுகிறவர் நீங்கள் என்றால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஜிப் வடிவத்தை 1989இல் கொண்டுவந்தவர் ஃபில் காட்ஸ். அதன் உள்ளே இருக்கும் டிஃப்ளேட் முறைக்கு அடிப்படை 1977இல் ஆபிரகாம் லெம்பலும் ஜேக்கப் ஜிவ்வும் வெளியிட்ட யோசனை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை ஏறும் வழியெல்லாம் கேட்கும் 'வெற்றிவேல் வீரவேல்' முழக்கத்தை அப்படியே எழுத்தில் பதிகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை முழுவதும் எழுதுவோம். இரண்டாம் தடவை, 'இத்தனை எழுத்து பின்னால் போய், அங்கிருந்து இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்' என்று சின்னக் குறிப்பு வைத்தால் போதும். விரிப்பது என்றால் அந்தக் குறிப்புகளைப் பின்பற்றி நகலெடுத்துக்கொண்டே போவதுதான்.

எவ்வளவு தூரம் பின்னால் போகலாம் என்பதில்தான் வித்தியாசம். டிஃப்ளேட்டில் 32 கிலோபைட்டுக்கு மேல் போக முடியாது. அந்த அளவு, மலிவான ப்ராசஸரின் பக்கத்திலேயே இருக்கும் விரைவு நினைவகத்தில் கிட்டத்தட்ட அடங்கிவிடும். செவன்-ஜிப் பயன்படுத்தும் எல்இசட்எம்ஏ முறையில் இது மெகாபைட் கணக்கு. மிகக் கடுமையாக அமுக்கும் அல்ட்ரா அளவைப் போட்டால் 64 எம்பியோ அதற்கும் மேலோ. விரிக்கிற போன் அவ்வளவு ரேமை ஒதுக்க வேண்டும். பின்னால் போய் எடுக்க வேண்டியது விரைவு நினைவகத்தில் இருக்காது, ரேம் வரை போய்வர வேண்டும்.

மலிவு போன்களில் பல வருடமாகக் குடியிருக்கும் கார்டெக்ஸ் ஏ53 கோர், ஆர்ம் நிறுவனம் 2012இல் அறிவித்தது, கட்டளைகளை வந்த வரிசையில்தான் செய்யும். ஒரு கட்டளை ரேமுக்காகக் காத்திருந்தால் அதன் பின்னால் வரிசையில் நிற்பவையும் காத்திருக்கும். போதாததற்கு எல்இசட்எம்ஏவில் ஒரு பிட் தெரிந்த பிறகுதான் அடுத்த பிட்டைக் கணிக்க முடியும். கணினியில் ஒரு நொடி என்று தெரிவது இந்தப் போனில் ஏன் இழுபறியாகிறது என்பதற்கு இதுதான் விடை.

அப்படியென்றால் எதைத் தேர்ந்தெடுப்பது?

படம், வீடியோ, பாட்டு என்றால் அமுக்கவே அமுக்காதீர்கள். ஜேபெக் படமும் எம்பி4 வீடியோவும் எம்பி3 பாட்டும் ஏற்கெனவே அமுக்கியவை. மறுபடி அமுக்கினால் அளவு பெரிதாகக் குறையாது, வேலை மட்டும் கூடும். வேர்டின் டாக்எக்ஸ் கோப்பும் உள்ளே ஒரு ஜிப்தான். செவன்-ஜிப் நிரலில் வடிவம் ஜிப், அமுக்கும் அளவு ஸ்டோர் என்று தேர்ந்தெடுங்கள். கோப்புகள் அமுக்கப்படாமல் ஒரே பையில் அடுக்கப்படும். பெறுகிற போன் விரிக்க வேண்டியதே இல்லை, அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளும்.

எழுத்து, கணக்குத் தாள், பதிவேடு போன்றவை நன்றாக அமுங்கும். குழுவில் பல வகைப் போன்கள் இருந்தால் சாதாரண ஜிப்பே போதும். எல்லோரும் இசட்ஆர்க்கைவர் வைத்திருக்கிறார்கள் என்றால் இசட்ஸ்டாண்டர்டு என்ற அமுக்கும் முறைதான் என் தேர்வு. யான் கோலெட் எழுதி, 2016இல் ஃபேஸ்புக் 1.0 பதிப்பாக வெளியிட்டது. அதில் எவ்வளவு கடுமையாக அமுக்கினாலும் விரிக்கும் வேகம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். கஷ்டம் அனுப்புகிறவரின் கணினிக்குத்தான். பிஜிப்2 என்ற முறையின் பக்கம் போகாதீர்கள். விரிப்பதில் அது ஆமை.

அப்புறம், ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். புலனத்தில் 2022 முதல் 2 ஜிபி வரை ஆவணமாக அனுப்ப முடிகிறது என்பதற்காக அவ்வளவையும் ஒன்றாகத் திணிக்க வேண்டியதில்லை. அதற்காகப் பாகம் 1, பாகம் 2 என்று வெட்டுவதும் சரியில்லை. எல்லாப் பாகமும் வந்து சேரும்வரை எதையும் தொட முடியாது. 100 மீட்டர் ஓட்டம், நான்குபேர் அஞ்சல் ஓட்டம், பரிசளிப்பு என்று நிகழ்ச்சிவாரியாகத் தனித்தனி ஜிப்பாகக் கட்டுங்கள். ஒன்றைப் பிரித்து, ஜிப்பை அழித்து, அடுத்ததைப் பிரிக்கலாம். குறைந்த இடத்திலேயே வேலை முடியும்.

படி 7: கடவுச்சொல் போட்ட கோப்பு

மாணவர் விவரம் உள்ள கோப்புக்குக் கடவுச்சொல் போடத்தான் வேண்டும். ஆனால் எதில் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து விலை மாறும். யாரும் ஊகித்துத் திறக்கக் கூடாது என்பதற்காக, கடவுச்சொல்லிலிருந்து சாவி தயாரிப்பதை வேண்டுமென்றே மெதுவாக்கி வைத்திருக்கிறார்கள். செவன்-ஜிப்பில் அந்தக் கணக்கு 524,288 சுற்று. பழைய போனில் கடவுச்சொல்லைத் தட்டிய பிறகு சில நொடி ஒன்றுமே நடக்காதது போல் இருப்பது அதனால்தான். போன் உறையவில்லை, பொறுங்கள். ஒருமுறை சாவி கிடைத்தால் அந்தக் கோப்பு முழுவதற்கும் அதுவே.

ஏஇஎஸ் என்ற பூட்டு முறை போட்ட ஜிப்பில் ஒரு தடவைக்கு 1,000 சுற்றுதான், கேட்க இலேசு. ஆனால் அது கோப்புக்குக் கோப்பு தனி. 2,300 கோப்பு இருந்தால் 23 இலட்சம் சுற்று. பல சின்னக் கோப்புகளைப் பூட்ட வேண்டுமென்றால் முதலில் எல்லாவற்றையும் ஸ்டோர் முறையில் ஒரு ஜிப்பாக்கி, அந்த ஒற்றை ஜிப்பை மட்டும் கடவுச்சொல்லோடு இன்னொரு ஜிப்புக்குள் போடுங்கள்.

படி 8: தமிழ்ப் பெயர் வைத்த கோப்பு

வேகத்துக்கு நேரடித் தொடர்பு இல்லை, ஆனால் நம்மவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறோம். பிரித்துக்கொண்டே போகும், நடுவில் ஒரு கோப்பில் பிழை காட்டி நிற்கும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம், அதே இடத்தில் நிற்கும்.

விண்டோஸ் ஒரு கோப்புப் பெயரில் 255 குறிகள் வரை விடும். ஆண்ட்ராய்டின் உள் சேமிப்பு 255 பைட் வரை மட்டுமே விடும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்; தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், புள்ளியும் துணைக்காலும் தனிக் குறிகள். 'மாரியம்மன்' நமக்கு ஆறு எழுத்து, போனுக்கு 30 பைட்.

'பினாங்கு மாநிலத் தமிழ்ப்பள்ளிகளுக்கிடையிலான திருக்குறள் மனனப் போட்டி முடிவுகள் இறுதிப் பட்டியல்' என்று ஒரு பிடிஎஃப்புக்குப் பெயர் வைத்தால், பின்னொட்டோடு 99 குறி. கணினி வாய் திறக்காது. போனில் அது 273 பைட், எழுத முடியாது. பெயரைச் சுருக்கி மறுபடி கட்டித் தரச் சொல்லுங்கள். கையில் கணினி இல்லையென்றால் அந்த ஒரு கோப்பை விட்டுவிட்டு மற்றதைத் தேர்ந்து பிரியுங்கள்.

படி 9: டெர்மக்ஸ் தெரிந்தவர்களுக்கு

கட்டளைத் திரையைக் கண்டு பயப்படாதவர்கள் எஃப்-ட்ராய்டு என்ற செயலிக் களஞ்சியத்திலிருந்து, கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் செயலியான டெர்மக்ஸை நிறுவிக்கொள்ளலாம். அதன் சொந்த வீட்டுக் கோப்புறை செயலியின் தனி இடத்தில் இருப்பதால், அங்கே பிரித்தால் ஃபியூஸ் வாசல் விசாரணை இல்லை. ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளுக்கு வித்தியாசம் தெளிவாகத் தெரியும். ஆனால் அங்கே போட்டது கேலரிக்குத் தெரியாது, செயலியை நீக்கினால் அதுவும் போய்விடும்.

பிரிக்கும் அன்ஜிப் கட்டளையை டைம் கட்டளையோடு ஓட்டினால் மூன்று எண் வரும். யூசர் என்பது மொத்த நேரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் ப்ராசஸர் அடைக்கிறது. வெகு குறைவாக இருந்தால் சேமிப்புக்காகக் காத்திருக்கிறீர்கள். ஜிப்புக்குள் கோப்புகள் தனித்தனி என்பதால், ப்ராசஸர்தான் தடை என்றால் பட்டியலைப் பங்கிட்டு இரண்டு மூன்று அன்ஜிப்பை ஒரே நேரத்தில் ஓட்டலாம். சேமிப்பு தடை என்றால் அப்படிச் செய்வது நெரிசலைத்தான் கூட்டும். நான்குக்கு மேல் வேண்டாம். ஆண்ட்ராய்டு 12 முதல் செயலிகள் கிளப்பிவிடும் துணை வேலைகள் 32ஐத் தாண்டினால் ஆண்ட்ராய்டே அவற்றைக் கொல்லத் தொடங்கும்.

இணையத்திலிருந்து இறக்குவதாக இருந்தால் இறக்கும் கட்டளையின் வெளியீட்டை நேராகப் பிரிக்கும் கட்டளைக்குக் குழாய் போட்டு விடுங்கள். பல கோப்புகளை ஒரே தொடராகக் கட்டும் தார் கோப்புகளுக்கு இது அருமையாகப் பொருந்தும். சுருக்கிய கோப்பு போனில் எழுதப்படவே செய்யாது. இடமும் மிச்சம், ஒரு முழு எழுத்தும் மிச்சம். இணைப்பு பாதியில் அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதால் கோயில் வைஃபையில் முயன்று பார்க்காதீர்கள்.

படி 10: மிச்சத்தைக் கழியுங்கள்

பிரித்து முடித்ததும் ஜிப்பை அழித்துவிடுகிறோம் என்று நினைக்கிறோம், பெரும்பாலும் ஒரு நகலைத்தான் அழிக்கிறோம். புலனத்தின் ஆவணக் கோப்புறையில் ஒன்று, நீங்களாக டவுன்லோடுக்கோ கார்டுக்கோ நகலெடுத்தது ஒன்று, பிரிக்கும் செயலியின் தற்காலிக இடத்தில் ஒன்று. கடைசியதை அமைப்புகளில் அந்தச் செயலியின் பக்கத்துக்குப் போய் கேஷ் அழி என்று கொடுத்துத்தான் நீக்க முடியும். அக்காவின் போனில் மூன்றும் இருந்தன, 5.4 ஜிபி. அதைக் கழித்த பிறகு புலனம் திறக்கும் வேகத்தைப் பார்த்துவிட்டு, "இதை முன்னாடியே சொல்லியிருந்தா நேத்தே முடிச்சிருப்பேனே" என்று கோபித்துக்கொண்டார். நேற்று அவர் என்னைக் கேட்கவே இல்லை.